கொல்லிமலையில் கேட்ட காந்தாரம்

“சுருதி மாதா, லயம் பிதா” என்று இசையறிந்த பெரியோர் சொல்வர். பாட்டு வகுப்பின் முதல் நாளிலேயே இதை நாங்கள் கேட்டிருக்கிறோம். பலமுறை ஒப்பித்தும் இருக்கிறோம். ஆயினும் அந்தத் தாய் யார், அவள் எங்கே இருக்கிறாள் என்பதைக் கொல்லிமலைக்குக் கல்விச் சுற்றுலா சென்ற போதுதான் அறிந்துகொண்டோம். அங்கே ஒரு பாடம் கற்றோம். ஒரு தவற்றையும் உணர்ந்தோம். இரண்டையும் சேர்த்தே இங்கே எழுதுகிறோம்.

எங்கள் குழுவும் ஒரு தங்கையும்

சுற்றுலாவின் முதல் நாள் மாலை செம்மேட்டில் நாங்கள் தங்கும் விடுதியில் ஒரு சிறு இசை நிகழ்ச்சி நடத்துவதாக ஏற்பாடு. அதற்காக மூன்று வாரம் மாலைப் படிப்பு முடிந்தபின் நாங்களே கூடிப் பயிற்சி செய்தோம். பாட்டு மோகன இராகத்தில் அமைந்தது. அதில் ஓரிடத்தில் காந்தாரத்தில் நின்று நீட்ட வேண்டும். அந்த வரியை ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்திக்குக் கொடுத்திருந்தோம். அவள் குரல் இனியது. பாட்டியிடம் தம்புரா வைத்துப் பாடிப் பழகியவள்.

ஆனால் அவள் காந்தாரத்தில் நின்றதும் ஆர்மோனியத்தோடு ஏதோ உரசியது. “இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பாடு” என்றோம். ஏற்றினாள், அடுத்த நாள் மறுபடியும் பழைய இடத்துக்கே வந்துவிட்டாள். எங்களில் ஒருத்தி கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியைத் திறந்து வைத்தாள். முள் நடுக்கோட்டுக்குச் சற்று இடப்புறம் நின்று, குறைவு என்று காட்டியது. “பார், இயந்திரமே சொல்லிவிட்டது” என்றோம். “அக்கா, எனக்கு அங்கேதான் நிற்கிறது” என்றாள் அவள், கண் கலங்க. “காது சரியில்லை” என்று எங்களில் யாரோ சொன்னோம். யார் சொன்னது என்று இப்போது ஆராய வேண்டியதில்லை. சொல்லாதவர்களும் மறுத்துப் பேசவில்லை. இறுதியில் அந்த வரியை வேறொருத்தி பாடுவது என்று முடிவு செய்தோம்.

மலையேறிய கருவிகள்

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் தேநீருக்கு நின்றபோது புல்லாங்குழல், வயலின், மிருதங்கம், தம்புரா, ஆர்மோனியம் எல்லாவற்றையும் ஒருமுறை சுருதி சேர்த்து வைத்தோம். மேலே போனதும் அப்படியே பாடத் தொடங்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

செம்மேட்டில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டிகளைத் திறந்து வாசித்தால் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை! குழல் தாழ்ந்திருந்தது. வயலின் தந்திகள் ஏறியிருந்தன. மிருதங்கத்தின் தோல் தளர்ந்து, அதன் குரல் இறங்கியிருந்தது. ஆர்மோனியம் மட்டும் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருந்தது.

எங்கள் பாட்டு டீச்சர் இதைப் பார்த்துச் சிரித்தார். “இதைவிட நல்ல இயற்பியல் பாடம் கிடைக்காது” என்று சொல்லி ஒவ்வொன்றாக விளக்கினார்.

குழலில் ஒலிப்பது காற்றுத் தம்பம். குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைகிறது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 6 மீட்டர் குறையும். அந்த அளவுக்குக் குழலின் சுருதியும் தாழும். மலையின் உயரமோ காற்றழுத்தக் குறைவோ இதற்குக் காரணம் அன்று; குளிரே காரணம். வாசிக்கும்போது நம் மூச்சின் வெப்பம் குழலுக்குள் ஏற ஏறச் சுருதியும் ஓரளவு ஏறிவிடும். அதனால்தான் குழல் வாசிப்போர் முதலில் ஊதிச் சூடாக்கிக்கொள்கிறார்கள்.

எஃகுத் தந்தி குளிரில் சுருங்க முயல்கிறது, இரு முனையும் கட்டப்பட்டிருப்பதால் சுருங்க முடியாமல் இழுவிசை கூடுகிறது, சுருதி ஏறுகிறது. தோலோ பனியின் ஈரத்தை உறிஞ்சித் தளர்கிறது, சுருதி இறங்குகிறது. ஆர்மோனியத்தில் ஒலி எழுப்புவது ரீடு எனப்படும் சிறு பித்தளை நாக்கு. அதன் அதிர்வை அதன் நீளமும் தடிப்புமே பெரிதும் தீர்மானிக்கின்றன. குளிரில் அவை மிகச் சிறிதளவே மாறும்.

ஆகவே யார் யாரிடம் போக வேண்டும் என்பது தெளிவாயிற்று. வயலினுக்குப் பிரடை உண்டு. தம்புராவுக்குப் பிரடையோடு, நுட்பமாகச் சேர்க்க மணியும் உண்டு. மிருதங்கத்தின் வலப்புறத்தைக் கட்டையும் கல்லும் கொண்டு விளிம்பில் தட்டிச் சேர்க்கலாம். இடப்புறத் தொப்பிக்கு ரவையைப் பிசைந்து ஒட்டலாம். ஆர்மோனியத்தின் ரீடை மாற்ற வேண்டுமானால் பெட்டியைக் கழற்றிச் சுரண்ட வேண்டும். நாக்கின் நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும். அடியில் சுரண்டினால் இறங்கும். அது கச்சேரி நேரத்தில் நடக்கிற காரியமா? எனவே வளையத் தெரியாத ஆர்மோனியத்தை நோக்கி, வளையத் தெரிந்தவை எல்லாம் நகர்ந்தன. அரைமணி நேரத்தில் எல்லாம் ஷட்ஜத்திலும் பஞ்சமத்திலும் சேர்ந்துவிட்டன.

ஆர்மோனியத்தை மூடிய நேரம்

ஒத்திகையில் காந்தார வரி வந்தது. புதியவள் பாடினாள். ஆர்மோனியத்தோடு ஒட்டிற்று, ஆனால் பின்னால் ஒலித்த தம்புராவோடு ஒட்டவில்லை. டீச்சர் தலையை உயர்த்தினார். “இந்த வரி வேறு யாருடையதோ அல்லவா?” என்று கேட்டார். நாங்கள் நடந்ததைச் சொன்னோம்.

டீச்சர் தங்கையை அழைத்து அருகில் உட்கார வைத்தார். “ஆர்மோனியத்தை மூடுங்கள்” என்றார். தம்புரா மட்டும் ஒலித்தது. “பாடம்மா” என்றார். அவள் பாடினாள். காந்தாரத்தில் வந்து நின்றபோது குரல் எங்கே முடிகிறது, தம்புரா எங்கே தொடங்குகிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அறை முழுவதும் ஒரே ஒலியாக நிறைந்தது.

பிறகு அவள் நீட்டிக்கொண்டிருக்கும்போதே ஆர்மோனியத்தில் அதே காந்தாரத்தை டீச்சர் மெல்ல அழுத்தினார். உடனே ஒரு நடுக்கம். ஒலி பெருகி, குறைந்து, பெருகி, குறைந்து அலைபோல் ஆடியது. “இதுதான் விம்மல்” என்றார் டீச்சர். பதினோராம் வகுப்பு இயற்பியலில் படித்திருக்கிறோம். அதிர்வெண் நெருங்கிய இரண்டு ஒலிகள் சேர்ந்தால், அவற்றின் வேறுபாடு எத்தனையோ நொடிக்கு அத்தனை விம்மல்கள். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தோம். ஆனால் அன்றுதான் காதால் கேட்டோம்.

“அவள் காது சரியாகத்தான் இருக்கிறது. தம்புரா சொல்லிக் கொடுத்த காந்தாரத்தைப் பாடுகிறாள்” என்றார் டீச்சர். நாங்கள் தலை குனிந்தோம்.

கணக்கு என்ன சொல்கிறது?

அன்றிரவு டீச்சர் நோட்டுப் புத்தகத்தில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே தருகிறோம். பெருக்கலும் வகுத்தலும் அறிந்த எவரும் இதைச் செய்து பார்க்கலாம்.

கணக்கு எளிதாக வர, ஷட்ஜம் நொடிக்கு 240 அதிர்வு என்று கொள்வோம். மேல் ஷட்ஜம் அதன் இருமடங்கு, 480. பஞ்சமம் ஒன்றரை மடங்கு, 360. இவை இரண்டும் இயற்கையாகக் காதுக்கு இசைபவை. காந்தாரமோ ஒன்றேகால் மடங்கு, அதாவது 300. நல்ல தம்புராவின் ஷட்ஜத் தந்தியை மீட்டினால் அதன் ஒலிக்குள்ளேயே நான்காவது மேற்சுரமாக இந்தக் காந்தாரம் தானாகக் கேட்கும். பாட்டியின் தம்புராவில் தங்கை கேட்டுப் பழகியது இதுவே.

இப்போது வேறு வழியில் போவோம். பஞ்சமத்துக்குப் பஞ்சமமாக ஏறிக்கொண்டே போகலாம். மிகவும் மேலே போய்விட்டால் பாதியாக்கிக் கீழே இறக்கிக்கொள்ளலாம். 240-இன் ஒன்றரை மடங்கு 360, இது பஞ்சமம். 360-இன் ஒன்றரை மடங்கு 540, அதன் பாதி 270, இது ரிஷபம். 270-இன் ஒன்றரை மடங்கு 405, இது தைவதம். 405-இன் ஒன்றரை மடங்கு 607½, அதன் பாதி 303¾, இது காந்தாரம்.

என்ன இது! முன்பு 300 என்றோம். இப்போது 303¾ வருகிறது. ஒரே பெயர், இரண்டு இடம். எது சரி? 300 ஷட்ஜத்தோடு சேர்கிறது. 303¾ அந்தத் தைவதத்தோடு சேர்கிறது. யாரோடு சேர வேண்டும் என்று கேட்காமல் எது சரி என்று கேட்பதில் பொருளில்லை.

இன்னும் போவோம். இவ்வாறே பன்னிரண்டு முறை பஞ்சமம் ஏறினால் தொடங்கிய ஷட்ஜத்துக்கே திரும்பி வர வேண்டும். ஆனால் வருவது 240 அன்று, ஏறத்தாழ 243¼. வட்டம் மூடவில்லை! மூன்றை எத்தனை முறை பெருக்கினாலும் ஒற்றைப்படை எண்ணே வரும். இரண்டைப் பெருக்கினால் இரட்டைப்படை. இவை ஒருபோதும் சந்திக்க மாட்டா. இது கருவி செய்பவரின் குற்றமன்று, எண்களின் இயல்பு.

ஓரியின் மலையில் யாழ்

மறுநாள் காலை செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையருகே நின்றோம். ஓரி கொல்லிமலையை ஆண்ட வள்ளல், பாணரைப் போற்றியவன். புறநானூற்றின் 152-ஆம் பாடலில் புலவர் வன்பரணர் இம்மலைக் காட்டில் நடந்த ஒரு சந்திப்பைச் சொல்கிறார். ஒரே அம்பால் யானை முதல் உடும்பு வரை துளைத்த வேட்டுவனைப் பாணர் கூட்டம் காண்கிறது. அவன் யாரென்று அறியாமலே அவனைப் பாட விரும்புகிறது. பாடுவதற்கு முன் அவர்கள் செய்தது என்ன? முழவுக்கு மண் இட்டு அமைத்தார்கள்; யாழைப் பண்ணுக்கு ஏற்ப நிறுத்தினார்கள். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பாடப்பட்ட கொல்லிமலைக் காட்டிலும் முதல் வேலை சுருதி சேர்ப்பதாகவே இருந்திருக்கிறது! முன்தினம் மாலை நாங்கள் தொப்பியில் ரவை ஒட்டியதை நினைத்துக்கொண்டோம்.

யாழுக்கும் ஆர்மோனியத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. வீணையில் ஒரே தந்தியில் பல சுரம் வாசிக்கலாம். யாழில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நரம்பு. ஆகவே வாசிக்கும் முன்பே எல்லாச் சுரங்களின் இடமும் முடிவாகிவிட வேண்டும். அதை எப்படி முடிவு செய்தனர்? நம் முன்னோர் நரம்புகளின் உறவை இணை, கிளை, பகை, நட்பு என்று வகுத்தனர். சிலப்பதிகார உரையில் கிளை நரம்புகளாகச் சொல்லப்படுபவை குரல், இளி, துத்தம், விளரி, கைக்கிளை என்னும் ஐந்து. குரலை ஷட்ஜமாகக் கொண்டால் இவை ஸ, ப, ரி, த, க. நாங்கள் இரவில் போட்ட கணக்கின் வரிசை அப்படியே இருக்கிறது! பஞ்சமத்துக்குப் பஞ்சமம் ஏறும் அந்த ஐந்து சுரங்களை உயரம் பார்த்து அடுக்கினால் ஸ ரி க ப த. நாங்கள் பாடிய மோகனம்.

பாணருக்கு ஒரு வசதி இருந்தது. பண் மாறினால் யாழ் நரம்பை மீண்டும் முறுக்கி வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஆர்மோனியத்துக்கு அந்த வசதி இல்லை.

பங்கிட்டுக்கொண்ட குறை

அப்படியானால் ஆர்மோனியம், பியானோ, ஆர்கன் போன்ற கட்டைக் கருவிகளில் என்ன செய்கிறார்கள்? வட்டம் மூடாமல் மிஞ்சும் அந்தச் சிறு பிழையை ஓரிடத்தில் குவித்துவிட்டால், சில கட்டைகளில் பாட்டு இனிக்கும். வேறு சில கட்டைகளில் காதைப் பிளக்கும். மேலை நாட்டில் பல நூற்றாண்டுகள் இதைப் பலவாறாகச் சமாளித்தார்கள். முடிவில் பரவியது சமப் பங்கீடு. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமமான படிகளாக்கி, ஒவ்வொரு படியையும் முந்தியதன் 1.05946 மடங்கு என்று வைத்தார்கள். இந்தக் கணக்கைச் சீன இளவரசர் ஜூ ஸைய்யூ 1584-இலேயே போட்டிருக்கிறார்.

இதன்படி பஞ்சமம் 360-க்குப் பதில் 359.6. இந்தக் குறையைக் காது பெரும்பாலும் மன்னித்துவிடும். காந்தாரம் 300-க்குப் பதில் 302.4. இங்கேதான் சங்கடம். தங்கை பாடியது 300. ஆர்மோனியம் ஒலித்தது 302.4, நொடிக்கு இரண்டரை விம்மல் அளவு. கைப்பேசிச் செயலியின் நடுக்கோடும் இந்தச் சமப் பங்கீட்டை வைத்தே போடப்பட்டிருந்தது. அதனால்தான் முள் இடப்புறம் சாய்ந்தது. இயந்திரம் பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்ட கேள்விதான் தவறு.

வீணையிலும் ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டுகளே, மொத்தம் 24. ஆனால் மேளம் கட்டுபவர் மெழுகின்மேல் மெட்டுகளைக் காதால் கேட்டு வைக்கிறார். வாசிப்பவர் தந்தியை இழுத்து, மெட்டு தராத நுட்பத்தையும் எழுப்புகிறார். வயலினுக்கு மெட்டே இல்லை. நாகசுரத்தில் உதடும் மூச்சும் சுரத்தைத் திருத்துகின்றன. குரலோ எல்லாவற்றினும் வளைந்து கொடுப்பது.

ஆர்மோனியத்தின் வழக்கு

ஆர்மோனியம் நம் நாட்டுக் கருவியன்று. பாரிஸ் நகரத்து அலெக்ஸாந்தர் தெபெய்ன் 1840-களின் தொடக்கத்தில் அதற்கு உரிமை பெற்றார். நம் நாட்டிற்கு வந்தபின் கையால் துருத்தி இயக்கும் சிறு பெட்டியாகி, கோயில், தேவாலயம், நாடக மேடை எங்கும் பரவியது. கமகம் பிடிக்க முடியாது, சுரங்கள் நம் இசைக்குப் பொருந்தா என்ற குறைகளால் அகில இந்திய வானொலி 1940-இல் அதை விலக்கி வைத்தது. 1971-இல்தான் அந்தத் தடை தளரத் தொடங்கியது.

தமிழ்நாட்டிலும் சுருதி பற்றிய பெரும் ஆராய்ச்சி நடந்தது. தஞ்சாவூரில் சித்த மருத்துவராக விளங்கிய ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) தம் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை 1917-இல் வெளியிட்டார். ஸ்தாயியைச் சமமாகப் பகுத்து 24 சுருதிகள் கொள்ள வேண்டும் என்பது அவர் முடிவு. 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் அவருடைய கொள்கையை இசைத்து விளக்கியவர்கள் அவர் மகள்கள் என்பது மாணவியராகிய நமக்குப் பெருமை. பின்னர் 1947-இல் வெளிவந்த ‘யாழ் நூல்’ என்னும் நூலில் விபுலானந்த அடிகள் 22 சுருதிக் கணக்கைக் கொண்டு பழைய யாழ்களை ஆராய்ந்தார். அறிஞர்களே வேறுபடும் இடத்தில் நாங்கள் மூன்று வாரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டோமே என்று வெட்கப்பட்டோம்.

ஆர்மோனியத்தைக் குறை சொல்லவும் எங்களுக்கு மனமில்லை. காலைக் கூட்டத்தில் முந்நூறு பேர் சேர்ந்து பாடும்போது எல்லோரையும் இழுத்துச் செல்வது அதுவே. இன்று ஐந்து கட்டை, நாளை ஐந்தரைக் கட்டை என்று எங்கே தொடங்கினாலும் அது முகம் சுளிப்பதில்லை. பன்னிரண்டு பேரும் ஒவ்வொரு சிறு குறையைத் தாங்கிக்கொள்வதால்தான் பன்னிரண்டு பேருக்கும் அங்கே இடம் இருக்கிறது. குடும்பத்திலும் விடுதியிலும் நாம் வாழும் வாழ்க்கை அப்படித்தானே? ஆனால் பங்கிட்டுக்கொண்ட குறையையே அளவுகோலாக்கி, நிறைவாகப் பாடுகிறவளைத் தவறு என்று சொல்லக்கூடாது.

அன்று மாலை

கணக்கும் சிலையும் பின்னால் வந்தவை. நிகழ்ச்சி நடந்தது முதல் நாள் மாலையே. ஆர்மோனியத்தை மூடிய சற்று நேரத்தில், மேடைக்குப் போகும் முன்பு, எங்களில் மூத்தவள் எழுந்து, “தங்கச்சி, நாங்கள் சொன்னது தப்பு. மன்னித்துக்கொள். உன் வரியை நீயே பாடு” என்றாள். அவள் உடனே பதில் சொல்லவில்லை. “ஆர்மோனியம் வேண்டாம் அக்கா, தம்புரா போதும்” என்று மட்டும் கேட்டாள். அவ்வாறே செய்தோம். அவள் வரிக்கு ஆர்மோனியம் மௌனம் காத்தது. அனைவரும் சேரும் இடத்தில் அதுவும் சேர்ந்துகொண்டது. கேட்க வந்திருந்த மலைவாழ் மக்களில் ஒரு பாட்டி அவள் கையைப் பிடித்து, “இன்னொரு தரம் பாடு கண்ணு” என்றார்.

அன்புத் தோழியரே, நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். தம்புராவையோ சுருதிப்பெட்டியையோ ஒலிக்கவிட்டு, காந்தாரத்தை மெல்ல நீட்டிப் பாடுங்கள். சற்றே ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். எந்த இடத்தில் நடுக்கம் அடங்கி ஒலி அமைதியாகிறதோ, அங்கே நில்லுங்கள். பிறகு ஆர்மோனியத்தில் அதே சுரத்தை அழுத்திக் கேளுங்கள். புத்தகத்தில் ஒரு பக்கம் படித்து அறிவதை அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் காது அறிந்துகொள்ளும்.

எங்கள் குழுவில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். யாராவது சுருதி சேரவில்லை என்று தோன்றினால், “நீ தவறு” என்று சொல்வதில்லை. “நீ யாரைக் கேட்டுப் பாடுகிறாய்?” என்று முதலில் கேட்கிறோம்.

— இசைக் குழு மாணவியர்